முத்தத்துக்கு ஒரு பலகை: இடைக்காலத் திருப்பலியில் சமாதானம் கைமாறிய கதை

1522ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் தெய்டன் கார்னன் என்ற ஊரின் கிறிஸ்தவக் கோயிலில் திருப்பலி, அதாவது அப்பமும் ரசமும் படைக்கும் வழிபாடு, நடந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட் பாண்ட் என்ற கோயில் ஊழியர் கையில் சிறு பலகை ஒன்றை ஏந்திக்கொண்டு மக்களிடம் வந்தார். முதலில் பிரான்சிஸ் ஹாம்டனிடமும் அவர் மனைவி மார்ஜரியிடமும் அதை நீட்டினார். அந்தக் கோயிலுக்குக் குருவை, அதாவது பாதிரியாரை, நியமிக்கும் உரிமை பெற்ற குடும்பம் அது. அடுத்து ஜான் பிரவுன் என்ற ஊர்ப் பெரிய மனிதரிடம் போனார். பிரவுன் பலகையை முத்தி செய்தார், அதாவது முத்தமிட்டார். செய்த கையோடு அதைப் பிடுங்கி பாண்டின் தலையில் ஓங்கி அடித்தார். பலகை உடைந்தது, ரத்தம் தரையில் ஓடியது என்கிறது அந்தக் காலத்து வழக்குப் பதிவு. முந்தின ஞாயிறே பிரவுன் சொல்லி வைத்திருந்தாராம்: இனிமேல் எனக்கு முதலில் தரவில்லை என்றால் உன் தலையிலேயே உடைப்பேன் என்று.

அந்தப் பலகையின் வேலையே ஊராருக்குச் சமாதானத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். லத்தீனில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. ஆங்கிலேயர் சுருக்கமாகப் ‘பாக்ஸ்’ (pax, லத்தீனில் சமாதானம்) என்றார்கள். இங்கே சமாதானப் பலகை என்றே சொல்லிக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டில் பரவலாகி, மேற்கு ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் புழங்கி, இன்று பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருள் இது. ஒரு சின்னப் பலகை எப்படி இத்தனை சண்டைக்கும் இத்தனை அழகுக்கும் காரணமானது என்று பார்த்தால், இடைக்கால ஊர் வாழ்க்கையே அதில் தெரிகிறது.

பலகைக்கு முன்பு இருந்தது நிஜமான முத்தம். ஒருவரையொருவர் தூய முத்தத்தால் வாழ்த்துங்கள் என்று திருத்தூதர் பவுல் தம் கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறார். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், மன்றாட்டுகள் முடிந்ததும் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் முத்தமிடுவார்கள், பிறகு அப்பமும் ரசமும் கொண்டுவரப்படும் என்று விவரிக்கிறார். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்களுக்கு இதில் பங்கில்லை. அந்நியர்கள் சகோதரர்களாக இருப்பதற்கு உடலால் போட்ட கையெழுத்து அது. சங்கடமும் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆண்கள் ஆண்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு மட்டும் என்று 4ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே விதிகள் எழுதப்பட்டுவிட்டன.

ரோமில் இந்த முத்தத்தின் இடம் மாறியது. அப்பமும் ரசமும் கொண்டுவரும் காணிக்கைக்கு முன்பு இருந்தது, நற்கருணை, அதாவது இயேசுவின் உடலாகக் கருதும் அப்பம், வாங்குவதற்குச் சற்று முன்பாக வந்து சேர்ந்தது. திருத்தந்தை (போப்) முதலாம் இன்னசென்ட் 416இல் குப்பியோ ஆயர் தெசென்சியுசுக்கு எழுதிய கடிதத்தில், முத்தம் எல்லாம் முடிந்த பிறகே வர வேண்டும், அது நடந்தவற்றுக்கு மக்கள் கொடுக்கும் ஒப்புதல் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். இந்த இடமாற்றம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. நற்கருணைக்கு அருகே வந்ததால், முத்தம் நற்கருணைக்கான ஆயத்தமாகவும், போகப்போக அதற்கு ஈடாகவும் ஆனது.

ஈடு ஏன் தேவைப்பட்டது? இடைக்காலத்தில் பொதுமக்கள் நற்கருணை வாங்குவது மிகவும் அரிதாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, பாஸ்காவை (ஈஸ்டர்) ஒட்டி, கட்டாயம் வாங்க வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பொதுப் பேரவை சட்டம் போட வேண்டியிருந்தது. மற்ற ஞாயிறுகளில் மக்கள் அப்பத்தைக் கண்ணால் பார்த்து வணங்குவார்கள். வாயில் வாங்குவது குரு மட்டும். அப்படியானால் பீடத்திலிருந்து மக்களைத் தொடுகிற ஒன்று வேண்டும். முத்தம் அதைச் செய்தது. முதல் ஆயிரமாண்டு முடியும் தறுவாயில் அதன் போக்கும் மாறிவிட்டது. பழைய காலத்தில் பக்கத்தில் நிற்பவரை நீங்களே திரும்பி முத்தமிடுவீர்கள். இப்போது குரு முதலில் பீடத்தை முத்தி செய்வார். அங்கிருந்து பெற்ற சமாதானத்தைத் தமக்கு உதவும் திருத்தொண்டருக்குக் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. சமாதானம் இப்போது மேலிருந்து கீழே இறங்கி வருகிறது, ஒருவர் பின் ஒருவராக.

இந்த வரிசையில்தான் பலகை வந்து சேர்கிறது. யார்க் பேராயர் வால்டர் டி கிரே 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒவ்வொரு பங்கும், அதாவது ஊர்க் கோயிலும், வைத்திருக்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டபோது, முத்தத்துக்கான கருவியையும் சேர்த்தார். 1287இல் எக்சிட்டர் மறைமாவட்டச் சட்டத்திலும் அது வருகிறது. இங்கிலாந்தில் இப்படிக் கட்டாயப் பொருளாகி, அடுத்த நூற்றாண்டுகளில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் என்று எங்கும் காணக் கிடைக்கிறது. குரு பலகையை முத்தி செய்வார். உதவியாளர் அதை மக்களிடம் எடுத்துப் போவார். ஒவ்வொருவரும் அதே இடத்தில் முத்தி செய்வார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் இருந்தாலும் யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை.

இந்தப் பொருளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கும். மேல்பக்கம் வளைந்து, சின்னக் கோயில் வாசல் மாதிரி இருக்கும். முன்பக்கம் ஒரு படம்: சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாவும் யோவானும், அல்லது குழந்தையோடு மரியா, அல்லது கல்லறையிலிருந்து எழும்பிய கோலத்தில் காயங்களோடு இயேசு. பின்பக்கம் ஒரு கைப்பிடி. மேசையில் நிமிர்ந்து நிற்க அதுவே முட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு முத்திக்குப் பிறகும் துடைக்க ஒரு துணி வைத்திருப்பார்கள். புனித வெள்ளியன்று நம் ஊர்க் கோயில்களில் சிலுவை முத்தி செய்யும்போது பக்கத்தில் ஒருவர் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாரே, அதே வேலைதான். நெடுங்காலம் புழங்கிய தந்தப் பலகைகளில் உருவங்களின் முகம் மழுங்கிப்போயிருக்கும். மூக்கும் கண்ணும் தேய்ந்து, ஓரத்து வேலைப்பாடு மட்டும் கூர்மையாக நிற்கும்.

குருவுக்கும் இதே பிரச்சினை இருந்தது. திருப்பலிப் புத்தகத்தில் நற்கருணை மன்றாட்டுக்கு எதிரே முழுப் பக்கத்துக்குச் சிலுவைக் காட்சி வரைந்திருக்கும். அதை அவர் முத்தி செய்ய வேண்டும். நாள்தோறும் உதடு பட்டால் ஓவியம் கரைந்துவிடாதா? அதனால் ஓவியர்கள் பக்கத்தின் அடிப்பகுதியில் தனியாக ஒரு சின்னச் சிலுவையை வரைந்து வைத்தார்கள், இங்கே முத்தி செய்யுங்கள் என்பதுபோல. பல ஏடுகளில் பெரிய ஓவியம் பளிச்சென்று இருக்க, கீழே உள்ள குட்டிச் சிலுவை அழுக்கேறி அழிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். சில குருக்கள் மட்டும் கீழே இறங்காமல் நேராக இயேசுவின் பாதத்திலேயே முத்தி செய்திருக்கிறார்கள். அங்கே வண்ணம் போயிருக்கிறது. விதியை எழுதியவர் ஒரு பக்கம், பக்தி இன்னொரு பக்கம். எனக்கு இந்தப் பக்கங்கள் மிகவும் பிடிக்கும்.

பணக்காரக் கோயில்களில் வெள்ளி, பொன்முலாம், எனாமல், தந்தம். ஏழைப் பங்குகளில் மரம் அல்லது சாதாரண உலோகம். புதிதாகச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை, இருப்பதை எடுத்துப் பலகையாக்கியவர்களும் உண்டு. வட இத்தாலியின் சிவிதாலே நகரில் ‘ஊர்சுஸ் கோமகனின் பலகை’ என்று ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் உள்ள தந்தத் தகடு சமாதானப் பலகை என்ற பொருளே பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கோமகன் ஊர்சுஸ் செய்யச் சொன்னார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கியாவென்னாவில் ‘கியாவென்னா சமாதானம்’ என்று அழைக்கப்படும் பொன் தகடு இன்னும் பிரமாதம். முத்தும் மணியும் எனாமலும் பதித்த அது உண்மையில் ஒரு நற்செய்தி நூலின் மேலட்டை. புத்தகம் போய்விட்டது, அட்டை மிஞ்சியது, பெயர் மட்டும் பலகையின் பெயராக ஒட்டிக்கொண்டது. நற்செய்தி நூலின் அட்டையை முத்தி செய்யும் வழக்கம் முன்பே இருந்ததால், இந்தத் தாவல் யாருக்கும் விசித்திரமாகப் பட்டிருக்காது.

இனி சண்டைக்கு வருவோம். இருவர் கட்டித் தழுவும்போது யார் முதல் என்ற கேள்விக்கு இடமே இல்லை. ஒரே நொடியில் இருவரும் கொடுக்கிறார்கள், இருவரும் வாங்குகிறார்கள். நடுவில் ஒரு பொருள் வந்ததும் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்போது முதல் ஆளும் கடைசி ஆளும் உண்டாகிவிடுகிறார்கள். ஊர் முழுவதும் கூடியிருக்கும் இடத்தில், எல்லோர் கண்ணெதிரே, வாராவாரம் யார் பெரியவர் என்று அறிவிக்கும் கருவியாகப் பலகை மாறியது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று நம் ஊர்களில் வெடிக்கும் தகராறைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர், அகந்தையின் வகைகளை அடுக்கும் இடத்தில், அடுத்தவருக்கு முன்னால் பலகையை முத்தி செய்யத் துடிப்பதையும் சேர்க்கிறார். 1494இல் லண்டன் ஆல் செயின்ட்ஸ் ஸ்டேனிங் கோயில் நிர்வாகிகள் ஜோவானா டியாக்கா என்ற பெண்மேல் புகார் கொடுத்தார்கள். தனக்கு முன்னால் வேறொரு பெண் முத்தி செய்துவிட்டார் என்று பலகையைத் தரையில் எறிந்து உடைத்துவிட்டாராம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு பலகை வைத்திருந்த இடங்கள் உண்டு. அதனால் வரிசை இரண்டானதே தவிர, வரிசை என்பது போகவில்லை.

இதை மட்டும் வைத்து, பலகை வந்து சமாதானத்தையே கெடுத்துவிட்டது என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போன சண்டைதான் ஏட்டில் பதிவாகும். ஒழுங்காக முத்தி செய்துவிட்டு வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கான ஞாயிறுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் ஆளாக இருக்க அவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்றால், அதைக் கிடைக்காமல் போகக் கூடாத ஒன்றாகக் கருதினார்கள் என்றும் பொருள். தவிர, பகையாளியோடு கைகோர்க்க மனமில்லாத ஒருவர் அவர் உதடு பட்ட அதே இடத்தில் தன் உதட்டை வைக்கிறார். அது சிறிய விஷயமில்லை. மனத்தில் பகையை வைத்துக்கொண்டு முத்தி செய்வது, இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாசின் முத்தம் என்று மக்களுக்குத் தெரிந்தே இருந்தது. பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) திருப்பலியில் முத்தத்தை விட்டுவிடும் வழக்கத்துக்கு யூதாசைக் காட்டித்தான் விளக்கம் சொன்னார்கள். இறந்தவர்களுக்கான திருப்பலியிலும் அது கிடையாது.

திருமணத் திருப்பலியில் மட்டும் பழைய முத்தம் பிழைத்திருந்தது. இங்கிலாந்தில் பெரிதும் வழங்கிய சாலிஸ்பரி முறைப்படி, மணமகன் பீடத்தருகே போய்க் குருவிடமிருந்து சமாதான முத்தத்தைப் பெற்று, அதைக் கொண்டுவந்து மணமகளுக்குக் கொடுப்பார். கொடுத்தபின் இருவரும் வேறு யாரையும் முத்தமிடக் கூடாது. மற்றவர்களுக்கு ஒரு குருமாணவர் எடுத்துச் செல்வார்.

முதல் மரியாதைக்கான பொருள் என்று ஆனபின் அது அழகாகவும் இருந்தாக வேண்டும். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பொற்கொல்லர்கள் தங்கள் முழுத் திறமையையும் இதில் இறக்கினார்கள். புளோரன்ஸ் நகரின் திருமுழுக்குக் கோயிலைப் பராமரித்தது கலிமாலா என்ற துணி வணிகர் சங்கம். அவர்களுக்காகச் செய்யப்பட்ட, மரியாவுக்கு முடிசூட்டும் காட்சியுள்ள வெள்ளிப் பலகை இன்று அந்நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1452இல் மாசோ ஃபினிகுவேரா என்ற பொற்கொல்லர் செய்ததாக நெடுங்காலம் நம்பப்பட்டது. இப்போது அதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதன் நுட்பத்துக்கு நியெல்லோ என்று பெயர். வெள்ளித் தகட்டில் மெல்லிய கோடுகளாகச் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் கந்தகமும் உலோகமும் கலந்த கருப்புப் பொடியை உருக்கி நிரப்புவார்கள். நிரப்பிவிட்டால் திருத்த முடியாது. ஆகவே அதற்கு முன்பு, கோடுகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க மையைத் தடவித் தாளில் ஒற்றி எடுப்பார்கள்.

உலோகத் தகட்டிலிருந்து படம் அச்சிடும் கலையே இந்தச் சோதனைத் தாளிலிருந்துதான் பிறந்தது, பிறப்பித்தவர் ஃபினிகுவேரா என்று 16ஆம் நூற்றாண்டில், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதினார். 1797இல் பியெத்ரோ சானி என்ற இத்தாலியக் குரு பாரிஸ் நூலகத்தில் பழைய அச்சுகளைப் புரட்டும்போது, இந்த முடிசூட்டுப் பலகைக்குப் பொருந்தும் ஒரு தாள் கண்ணில் பட்டது. அப்புறம் என்ன, அச்சுக்கலையின் முதல் தாள் கிடைத்துவிட்டது என்று ஐரோப்பிய ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 1446 என்று தேதியிட்ட ஜெர்மன் அச்சு ஒன்று பின்னர் தெரியவந்ததும், வசாரியின் கதை நிற்கவில்லை. இந்த இடத்தில் பலகையின் வாழ்க்கை முழுவதுமாகத் திசை மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். முத்தத்துக்காகச் செய்த பொருள், கலை வரலாற்று வழக்கில் சாட்சிப் பொருளாகிவிட்டது. அதை இனி ஆராய்பவர்கள் பூதக்கண்ணாடியோடு வருகிறார்கள்.

அதே இத்தாலியில் எளியவர்களுக்கும் வழி பிறந்தது. வெண்கலத்தில் சிறு புடைப்புச் சித்திரங்களை ஒரே அச்சிலிருந்து பல பிரதிகள் வார்த்தார்கள். சட்டமும் கைப்பிடியும் பொருத்தினால் அதுவே சமாதானப் பலகை.

இங்கிலாந்தில் முடிவு வேகமாக வந்தது. ரோமிடமிருந்து பிரிந்து புராட்டஸ்டண்ட் வழிக்குத் திரும்பிய எட்வர்டு மன்னர் காலத்தில், 1549இல் வந்த புதிய மன்றாட்டு நூலில் பலகைக்கு இடமில்லை. கோயில் சொத்துகளைக் கணக்கெடுத்து அரசு எடுத்துக்கொண்டபோது வெள்ளிப் பலகைகள் உருக்கப்பட்டன. மேரி அரசி 1553இல் பழைய கத்தோலிக்க வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவந்ததும் பங்குகள் மறுபடி செலவழித்து வாங்கின; ஐந்து ஆண்டில் எலிசபெத் வந்ததும் மறுபடி ஒழித்தார்கள். லிங்கன்ஷயர் பகுதியில் 1566இல் எடுத்த பட்டியல்களில், பீடக் கல்லைத் தரைக்குப் பாவியது, திருவுடையைக் கிழித்து வேறு துணியாகத் தைத்தது என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்கள். பலகைகளை உடைத்த செய்தியும் அவற்றில் உண்டு. இங்கிலாந்தில் நல்ல நிலையில் மிஞ்சியவை மிகக் குறைவு என்பதற்கு இதுதான் காரணம்.

கத்தோலிக்க நாடுகளில் யாரும் உடைக்கவில்லை, மெல்ல மெல்ல ஒதுங்கிப்போனது. 1570இன் ரோமைத் திருப்பலி நூல் சமாதான முத்தத்தை வைத்துக்கொண்டது. ஆடம்பரத் திருப்பலியில் குருக்கள் தங்களுக்குள் மெல்லத் தழுவிக்கொள்வார்கள். பலகை ஆயர்கள், அரச குடும்பத்தார், அதிகாரிகள் போன்றோருக்கு. சாதாரண மக்களுக்கு அது வருவது அருகிவிட்டது. தொமினிக்கன் போன்ற சில துறவற சபைகளின் வழிபாட்டிலும் ஸ்பெயினிலும் மட்டும் அதற்கு நீண்ட ஆயுள் இருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான சமாதானத்துக்கென்று வந்த பொருள் கடைசியில் பெரிய மனிதர்களிடம் மட்டும் தங்கிவிட்டது. தொடக்கத்தில் பார்த்த பிரவுன் கேட்டது அதைத்தான் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் வந்தார்கள். இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களில் இவற்றைப் பார்க்கலாம். ஓர் ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பலகையைப் பெரும்பாலும் சுவரோடு சுவராக, ஓவியம் மாதிரி வைத்துவிடுகிறார்கள். கைப்பிடி கண்ணுக்குத் தெரிவதில்லை. கைப்பிடி தெரியாவிட்டால், ஒரு கை இதை ஏந்தி இன்னொருவர் வாயருகே கொண்டுபோயிற்று என்பதே பார்ப்பவருக்குப் புலப்படாது. பக்கவாட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தாலே போதும்.

1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்களின் பேரவையை அடுத்து 1970இல் வெளிவந்த திருப்பலி நூல், சமாதானத்தைப் பலகை இல்லாமலே மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. எப்படிக் கொடுத்துக்கொள்வது என்பதை அந்தந்த நாட்டு ஆயர்கள் அந்தந்தப் பண்பாட்டுக்கு ஏற்ப முடிவு செய்யலாம். மேற்கில் பெரும்பாலும் கைகுலுக்கல் வந்தது.

இந்தியாவில் அதற்குச் சற்று முன்பே வழி திறந்துவிட்டது. வழிபாட்டை நம் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்ற இந்திய ஆயர்கள் அனுப்பிய பன்னிரண்டு யோசனைகளுக்கு 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் இசைவு தந்தது. தமிழரான அமலோற்பவதாஸ் அடிகளார் பெங்களூரில் நிறுவிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இந்தப் பண்பாட்டுமயமாக்கலுக்கு நடுநாயகமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டில் இரண்டு நம் கதைக்கு நேராகத் தொடர்புடையவை. பொருள்களை முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்பது ஒன்று. சமாதானத்தைக் கைகூப்பி வணங்கியோ, கொடுப்பவர் தம் கைகளைப் பெறுபவரின் கைகளுக்கு நடுவே வைத்தோ பரிமாறலாம் என்பது மற்றொன்று. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலோ, பீடத்திலிருந்து தொடங்கிக் கையிலிருந்து கைக்குச் சமாதானம் கடந்துவரும் முறை இன்றும் இருக்கிறது; அங்கே பலகை வேண்டியிருக்கவில்லை.

ஒழுங்கு பற்றிய கவலை ரோமை விடவில்லை. சமாதானம் கொடுக்கும் நேரத்தில் எழுந்து சுற்றி வராதீர்கள், குரு பீடத்தை விட்டு இறங்க வேண்டாம், தனியாகச் சமாதானப் பாட்டு வேண்டாம் என்று 2014இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. பிறகு 2020இல் கொரோனா. கைகுலுக்கல் நிறுத்தப்பட்டது. ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துக்கொண்டோ தலையசைத்தோ சமாதானம் கொடுக்கலாம் என்று இத்தாலிய ஆயர்கள் 2021 பிப்ரவரி 14 முதல் அனுமதித்தார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் இப்படி மாற்று வழி தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவதுதான் அங்கே ஏற்கெனவே வழக்கம்.